வால்தேராவில் நாற்காலிகள் காணாமல் போன வாரம்

"அந்த ஆள் செத்த மறுநிமிஷம் சதுக்கத்து நடுவுல நாற்காலியைப் போட்டு ஏறி நிப்பேன். இந்த ஊர்ல யார் யாரு என்னென்ன செஞ்சாங்கன்னு, கோயில் மணிக்கே காது வலிக்கிற மாதிரி, ஒவ்வொரு பேரா கத்திச் சொல்லுவேன். என் குரல் கொஞ்சம் நடுங்கினாலும் நாக்கை அறுத்து நாய்க்குப் போடுங்க!"

1951ஆம் வருடத் திருவிழாவில், சதுக்கத்து நீரூற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எவாரிஸ்தோ செய்த பிரகடனம் இது. உள்ளே மூன்று லிட்டர் ஒயின் இருந்தது. "அந்த ஆள்" என்றால் மத்ரித்தில் உட்கார்ந்து நாட்டை ஆண்ட ஜெனரல். ஸ்பெயின் முழுவதற்கும் அப்போது வேறு ஆள் கிடையாது. காவல்படைக் கார்ப்பரல் பக்கத்திலேயே நின்று சுட்ட மிளகாய் தின்றுகொண்டிருந்ததால், எவாரிஸ்தோ இரண்டு நாள் அரசாங்க விருந்தாளியாக இருந்தார். கீழ்வரிசைப் பற்களில் மூன்றை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்.

அன்றிலிருந்து வால்தேராவில் அவருக்கு ராஜமரியாதை. மனிதர் வண்டிக்காரர், கல்யாணம் ஆகாதவர், நாலு வார்த்தை எழுதினால் மூன்றில் பிழை. ஆனால் நிகானோர் மதுக்கடையில் அவருக்குக் காபி இலவசம். ஞாயிறு பூசைக்கு வராவிட்டால் பாதிரியார், "குளிர் ஜாஸ்தி, பாவம்" என்று தானே காரணம் கண்டுபிடிப்பார். ஊரின் மருந்துக்கடைக்காரரும் மேயருமான தொன் கசிமீரோ, தெருவில் அவரைக் கண்டால் முதலில் தொப்பியைத் தொடுவார். ஒரு மேயர் வண்டிக்காரருக்குத் தொப்பியைத் தொடுவது சாதாரண விஷயமில்லை.

காரணம் எளிது. 1936 கோடையில் ஜெனரல் கட்சி கிளம்பி நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, போர்முனை எங்கள் ஊர்ப்பக்கமே வரவில்லை. அதனால் போரில் செய்ய வேண்டிய வேலைகளை ஊர்க்காரர்களே தங்களுக்குள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஜெனரலுக்கு எதிரிகள் என்று ஏழு பேரை வீட்டிலிருந்து கூட்டிப் போனார்கள். யாரும் திரும்பவில்லை. யார் பெயரை யார் எழுதிக் கொடுத்தார்கள், போனவன் வீட்டுத் திராட்சைத் தோட்டம் யார் கைக்கு வந்தது, நிகானோர் கடைச் சுவர்க்கடிகாரம் அதற்கு முன்னால் எந்த வீட்டில் மணி அடித்தது என்பதையெல்லாம் பேசுவது நாகரிகமில்லை என்று ஊர் முடிவுசெய்திருந்தது. எவாரிஸ்தோ ஒருவர்தான் பேசுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. தன்னைப் பற்றித்தான் தெரியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நம்பினார்கள்.

1975 அக்டோபரில் ஜெனரல் நோயில் படுத்தார். டாக்டர்களின் அறிக்கை வானொலியில் ஒரு நாளைக்குப் பல தடவை வந்தது. நிகானோர் கடையில் டோமினோ ஆட்டம் நின்றுபோய், ஊரே உடற்கூறு படித்தது.

"இன்னிக்கு எது போச்சாம்?"

"சிறுநீரகம்."

"ரெண்டுமா?"

"ஒன்னு இன்னும் விசுவாசமா இருக்காம்."

கோயிலில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோனது. தேசபக்தி பொங்குகிறது என்று பாதிரியார் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். நிகானோரே இரண்டு ஏற்றினான். அவனுடைய அண்ணன் ஜெனரலுக்குப் பயந்து ஓடிப்போய் பிரான்சில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவர். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எர்மினியா அத்தை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யாருக்குடா ரெண்டு?"

"ஜெனரல் உடம்பு தேறணும் அத்தை."

"உங்கண்ணனைத் துரத்தினவருக்கா?"

"அண்ணன் தூரத்துல இருக்கான். எவாரிஸ்தோ மாமா தினம் எதுத்தாப்புலயே உக்காந்து காபி குடிக்கிறாரே!"

எர்மினியா அத்தை மெழுகுவர்த்தி எதுவும் ஏற்றவில்லை. கூட்டிப்போன ஏழு பேரில் ஒருவர் அவள் புருஷன் தொரிபியோ, கயிற்றுச் செருப்பு பின்னுகிறவர். இருபத்து நாலு வயதில் அவள் கறுப்பு உடுத்தினாள். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் அவள் விதவை இல்லை. பிணம் இல்லாததால் தொரிபியோ சாகவில்லை. "இருப்பிடம் தெரியாது" என்று எழுதியிருந்தார்கள், ஏதோ அவர் முகவரி சொல்லாமல் வீடு மாற்றிவிட்டதைப் போல. நவம்பர் முதல் தேதி, ஊரே சாமந்தித் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும். அவளும் ஒன்று வாங்குவாள். கொண்டுபோய் வைக்க இடம் இல்லாததால் அது அவள் ஜன்னலிலேயே பூத்து அங்கேயே காய்ந்துபோகும்.

ஜெனரலுக்கு அடுத்தபடியாக அந்த மாதம் உடம்பு மெலிந்தவர் எவாரிஸ்தோதான். ஒவ்வொரு அறிக்கைக்கும் அவர் முகம் வெளுத்தது. இருபத்து நாலு வருஷம் காபி குடித்த கணக்கைத் தீர்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மை என்னவென்றால், ஊரில் யாரைப் பற்றியும் அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அது அவரைப் பற்றியது.

நவம்பர் இருபது, வியாழக்கிழமை காலையில் செய்தி வந்தது. தொலைக்காட்சியில் சோக இசை, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, அலுவலகங்களுக்குக் கறுப்புப் பட்டை. பத்து மணிக்குள் தொன் கசிமீரோ கையில் பட்டையோடு எவாரிஸ்தோ வீட்டு வாசலில் நின்றார்.

"முப்பது நாள் துக்கம், எவாரிஸ்தோ."

"கேள்விப்பட்டேன், தொன் கசிமீரோ."

"துக்க காலத்துல நாற்காலி மேல ஏறக் கூடாது."

"அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"சாயங்காலத்துக்குள்ள போட்டுடலாம். இடுப்பு வலிக்கு ஒரு தைலம் கொண்டுவந்திருக்கேன், வெச்சுக்கோ."

"எனக்கு இடுப்பு வலி இல்லையே."

"வரும். வயசாகுது பாரு."

அவர் போனதும் எவாரிஸ்தோ தைலத்தைத் திறந்து இடுப்பில் தடவிக்கொண்டார்.

ஊர் இன்னும் கொஞ்சம் தூரம் போனது. நிகானோர் கடை வாசலில் கிடந்த நாற்காலிகளைக் குளிர் என்று உள்ளே எடுத்து அடுக்கினான். முடிதிருத்தகக் கதவு சாத்தியிருந்தது, நாற்காலிக்குப் பழுதாம். நகராட்சிக் கூடத்து நாற்காலிகள் வார்னிஷ் அடிக்கப் போய்விட்டன. கோயில் வாசலில் பிச்சை எடுக்கும் கிழவியின் முக்காலியைக்கூட யாரோ தூக்கிவிட்டார்கள். அந்த வாரம் வால்தேராவில் நின்றுகொண்டே சூப் குடித்தவர்கள் பலர்.

ஞாயிற்றுக்கிழமை மத்ரித்தில் அடக்கம். எங்கள் கோயிலில் ஆன்ம சாந்திப் பூசை. பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, சதுக்கத்து நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. பிரம்பு பின்னிய பழைய அடுக்களை நாற்காலி. பக்கத்தில் எர்மினியா அத்தை.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தொன் கசிமீரோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், நவம்பர் குளிரில். எவாரிஸ்தோ கூட்டத்தின் கடைசியில் நின்றார். கூட்டம் மிகுந்த மரியாதையோடு அவருக்கு வழிவிட்டது.

"ஏறுடா," என்றாள் அத்தை.

"அக்கா... இடுப்பு வலிக்குது."

"நான் பிடிச்சுக்கிறேன். ஏறு."

எவாரிஸ்தோ ஒரு காலை நாற்காலி மேல் வைத்தார். அப்படியே நின்றார். பிறகு காலை எடுத்துவிட்டார்.

"எனக்கு யாரைப் பத்தியும் ஒன்னும் தெரியாதுக்கா. அன்னிக்கு குடிச்சிருந்தேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

சதுக்கம் முழுக்க மூச்சு விடும் சத்தம் கேட்டது. அடுத்த நொடியே அந்த நிம்மதி கோபமானது.

"ஒன்னும் தெரியாதா?" நிகானோர் கத்தினான். "இருபத்து நாலு வருஷம் காபி குடிச்சீங்களே மாமா! பிராந்தி ஊத்தினது வேற!"

"நீயா குடுத்தே. நான் கேட்டேனா?"

"என்னை ஏமாத்தினீங்களே!"

"நான் உன்னைப் பத்தி ஏதாவது சொன்னேனாடா? உன்னைப் பத்தி என்ன இருக்கு சொல்லு, கேப்போம்!"

நிகானோர் வாயை மூடிக்கொண்டான். பக்கத்தில் நின்றவர்களும் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள்.

எர்மினியா அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். களைப்புத்தான் காரணம். அவளுக்கும் அறுபத்து மூன்று ஆகிறது.

"எனக்குப் பேர் எதுக்குடா?" என்றாள் மெதுவாக. "பேரெல்லாம் எனக்கே தெரியும். ஒருத்தர்கிட்ட ரொட்டி வாங்குறேன், ஒருத்தர்கிட்ட இருமல் மருந்து வாங்குறேன். அவரைக் கூட்டிப்போன மறுநாள் காலையில உன் கோவேறு கழுதை என் வாசல் வழியாப் போச்சு. நாலு குளம்பும் வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு. அந்த வாரம் ஊர்ல எவனும் வெள்ளை அடிக்கலை. குழியில கொட்டத்தான் சுண்ணாம்பு போச்சு."

எவாரிஸ்தோ தரையைப் பார்த்தார்.

"முப்பத்தொம்பது வருஷம் உன்னைக் கேக்கலை. மொதல்ல பயம். அப்புறம் நீயே, அந்த ஆள் செத்ததும் சொல்றேன்னு ஊருக்கே சொன்னே. சரி, சொல்லுவான்னு இருந்தேன். செத்துட்டாரு. இப்ப சொல்லு. எங்க?"

எவாரிஸ்தோ வாயைத் திறந்தார். மூன்று பல் இல்லாத அந்த வாயை ஊர் முதல்தடவையாக நன்றாகப் பார்த்தது. அவர் மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை யாரும் வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் நிகானோர் காபியை வைத்துவிட்டு முதன்முறையாக விலையைச் சொன்னான். எவாரிஸ்தோ மறுபேச்சில்லாமல் கொடுத்தார். குடிக்காமல் எழுந்து, தன் மூன்று சக்கர வண்டியைக் கிளப்பிக்கொண்டு எர்மினியா அத்தை வீட்டு முன்னால் நிறுத்தினார். இறங்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. ஹாரனையும் அடிக்கவில்லை. அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் ஏறினாள்.

அப்புறம் நடந்ததை அத்தை எனக்கு வெகுநாள் கழித்து, மளிகைக்கடைச் சமாச்சாரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

லொக்ரோன்யோ சாலையில் ஆறாவது கிலோமீட்டர்க் கல்லில் வண்டி நின்றது. வடகாற்று இலையெல்லாம் உதிர்ந்த திராட்சைத் தோட்டத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. எவாரிஸ்தோ கல்லிலிருந்து ஓடைப்பக்கமாக நடந்தார், உதடு அசைய, அடிகளை எண்ணிக்கொண்டு. எண்ணிக்கை அவருக்கு மறக்கவில்லை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. வண்டியும் கழுதையும் வேண்டும் என்று வந்தவர்கள், வண்டிக்காரனையும் சேர்த்துக் கூட்டிப்போய், கையில் மண்வெட்டியைக் கொடுத்திருந்தார்கள்.

"கடைசியில அவர் ஏதாவது சொன்னாரா?" என்று அத்தை கேட்டாள்.

எவாரிஸ்தோ தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்பது அவளுக்குப் புரியவில்லை. அவள் திரும்பக் கேட்கவில்லை.

முட்புதர் மண்டிய ஒரு மேட்டருகே வந்ததும் அவர் எண்ணுவதை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். காலடியைப் பார்த்தார். யாரையோ மிதித்துவிட்டவரைப் போலச் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"இங்கக்கா," என்றார்.

இந்த இரண்டாவது பிரகடனம் காற்றில் பாதி போய்விட்டது. கையெட்டும் தூரத்தில் நின்ற அத்தைக்கே, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்ததாம்.