சவப்பெட்டியோடு போன ஓட்டு

கெஸியா டெமரெஸ்ட் சவப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள் என்று நியூ ஜெர்சியின் இந்தப் பக்கத்து ஊர்களில் ஆறு மாதமாகப் பேச்சு. ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள் சொல்லும்போது, அவள் பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்து சீட்டை நீட்டுகிறாள். எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகள் சொல்லும்போது அவள் எழுந்திருப்பதேயில்லை. செத்தவர்களைக்கூட விட்டுவைக்காத கட்சி என்று முடித்து, மூக்குப்பொடி போட்டுக்கொள்கிறார்கள். ஆளோ உயிரோடு, சாலை ஓரத்திலேயே இருக்கிறாள். நேரில் போய்க் கேட்டுவிடலாம். யாரும் கேட்கவில்லை. அவள் இருக்கிற இடம் சாலைக் கம்பெனியின் சுங்கக் கேட்; வசூல் அவள் வேலை. போய்க் கேட்க வண்டிக்கு நாலு சென்ட் ஆகும்.

நாலு சென்ட் கொடுத்துப் போனால், சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருக்கிறாள். ஒரு பழத்துக்கு ஒரே சுருள். அறுந்தால் அந்தப் பழம் பன்றிக்கு. திரும்பிப் பார்ப்பதில்லை. "நாலு சக்கரம், பாரம் இருக்கு. வலது பக்கத்து அச்சுக்கு மசகு போட்டு எத்தன நாளாச்சு? நாலு சென்ட்டு டப்பாவுல போடு, மிச்சத்துக்குக் கொழுப்பு வாங்கு" என்று ஆப்பிளிடம் சொல்கிறாள். வண்டிக்காரன் டப்பாவில் போடுகிறான். சக்கரம் செய்கிறவனுக்கு இருபத்திரண்டு வருஷம் மனைவியாக இருந்தவள். கணவன் போய் ஆறு வருஷமாகிறது. அவன் விட்டுப்போன உளிகளும் இழைப்புளியும் அலமாரியில் இருக்கின்றன; காது அவளிடம் இருக்கிறது.

கேட்டின் மேல் ஒரு பலகை. யாருக்கெல்லாம் சுங்கம் கிடையாது என்று சட்டசபை இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்த பட்டியல்: தேவாலயத்துக்குப் போகிறவர், சொந்தத் தானியத்தை மாவு அரைக்கக் கொண்டுபோகிறவர், குதிரைக்கு லாடம் அடிக்கப் போகிறவர், மருத்துவச்சியைக் கூப்பிடப் போகிறவர், கவாத்துக்குப் போகும் ஊர்ப்படையினர், சவ ஊர்வலம், ஓட்டுப் போடப் போகிறவர். இந்தப் பலகை வந்த நாளிலிருந்து ஊரில் பக்தி பெருகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகூட ஜெபத்துக்குப் போகிறார்கள், பின்னால் பன்றிக்கறிப் பீப்பாய்களோடு.

கெஸியா யாரையும் பொய்யன் என்று சொல்வதில்லை. மில்லுக்கு என்றால் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவாள், கோதுமைக்கு அடியில் ஆணி தட்டுப்பட்டால், "ஆணிய அரைச்சு ரொட்டி சுடப் போறியா? பல்ல பாத்துக்க" என்பாள். லாடம் அடிக்க என்றால் குதிரையின் காலைத் தூக்கிப் பார்ப்பாள். பிள்ளைப்பேறு என்று பறந்தவனை மட்டும் எதுவும் கேட்காமல் விட்டுவிடுவாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வாசலில், அவன் மனைவியிடம் குழந்தையை விசாரிப்பாள். குழந்தை இல்லாத பட்சத்தில் திங்களன்று அவனே நடந்து வந்து டப்பாவில் போட்டுவிட்டுப் போவான்.

இந்தப் பட்டியலில் சவ ஊர்வலத்தின் அருமையை முதலில் கண்டுகொண்டவர் ஒபதையா க்ரேன். ஆப்பிள் சாராயம் காய்ச்சுகிறவர்; ஆற்றைக் கடக்க இருக்கும் ஒரே படகும் அவருடையது; ஒரு பலகையைக் கண்டால் அதில் எங்கே ஓட்டை என்று பார்க்கிற தொழில் மூளை. போன ஆகஸ்டில் கறுப்புத் துணி போர்த்திய வண்டியில் வால்நட் மரச் சவப்பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு, நாலு பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வர, கேட்டுக்கு வந்தார். மலைப்பக்கத்து மாமா தவறிவிட்டார் என்றார்.

கெஸியா ஆப்பிளைக் கீழே வைத்தாள். அதுவே பெரிய மரியாதை. பிறகு தலையைச் சாய்த்துப் பெட்டிப் பக்கம் காது கொடுத்தாள்.

"முதலாளி, செத்தவங்க தளும்ப மாட்டாங்க."

பெட்டிக்குள் ஆறு சின்னப் பீப்பாய்கள். ஐந்து நிறைந்திருந்தன, அவை வாயைத் திறக்கவில்லை. ஆறாவதில் பாதியை, துக்கம் தாளாமல், அந்த நாலு பேர் வழியிலேயே குறைத்திருந்தார்கள். காட்டிக்கொடுத்தது அதுதான். க்ரேன் சாராயத்துக்கு உண்டான சுங்கத்தைக் கட்டிவிட்டுப் பீப்பாய்களோடு போனார். பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் இன்னும் மூன்று ஊர்களில் பதில் சொல்ல வேண்டும். அங்கேயே விட்டுவிட்டார். அது தன்னுடையதென்று அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. கெஸியா அதில் மாவு கொட்டி வைத்தாள். "மூடி கச்சிதமா இருக்கு. எலி நுழையாது" என்றாள்.

அக்டோபரில் தேர்தல், இரண்டு நாள். சட்டசபைக்கு நின்ற இருவரில் ஒருவர் ஆற்றுக்குப் பாலம் கட்டுவோம் என்றார். இன்னொருவர் நம் தாத்தாக்கள் படகில்தான் போனார்கள் என்றார். பாலம் வந்தால் சாலை மேற்கே மலை தாண்டிப் போகும்; கேட்டில் வண்டி மூன்று மடங்காகும்; க்ரேனின் படகில் தவளை குடியேறும். ஆகவே முதல் நாள் காலையிலேயே க்ரேன் வாக்குப்பெட்டி இருந்த சத்திரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், பாலத்துக்கு ஓட்டுப் போடுவார் என்று தோன்றிய ஒவ்வொருவரையும் ஆட்சேபிக்க.

நம் மாநிலத்தில் ஐம்பது பவுண்டு சொத்திருந்தால் ஓட்டு. புருஷனுள்ள பெண்ணுக்கு எதுவும் சொந்தமில்லை, எனவே ஓட்டும் இல்லை. விதவைக்கும் கல்யாணமாகாதவளுக்கும் உண்டு. ராஜாவை விரட்டி முப்பது வருஷமாகிறது; கடைத்தெருவில் டாலர்தான் ஓடுகிறது; ஓட்டுச் சட்டத்தில் மட்டும் அவருடைய பவுண்டை உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம். கணக்குப் பார்த்தால் நூற்று முப்பத்து மூன்று டாலரும் சில்லறையும்.

டைனா ஃபிரீமன் அன்று முதல் ஆளாக ஓட்டுப் போட்டாள். சொந்த வீடு, இரண்டு பசு, வெளுப்புக் கொட்டகை எல்லாம் வைத்திருக்கும் கறுப்பினப் பெண். அவளை க்ரேன் ஆட்சேபிக்கவில்லை. அவருடைய நல்ல சட்டைகள் ஏழும் அவளுடைய தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. அடுத்து கெஸியா சீட்டை நீட்டியதும் எழுந்தார்: இவளிடம் ஐம்பது பவுண்டு ஏது? கேட் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, இவளுடையது வாய் மட்டும்தானே?

தேர்தல் அதிகாரி எஃப்ராயிம் டட்டில் தொப்பி செய்கிறவர். சண்டை என்றால் தலையின் அளவு பார்ப்பதுபோல ஆளை ஒரு சுற்றுப் பார்ப்பார். சொத்து இருக்கிறதென்று பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தால் போதும் என்றார். கெஸியா மாட்டேன் என்றாள்.

"டட்டில் ஐயா, என் கேட்டுல ஒரு நாளைக்கு நாப்பது சத்தியம் கேக்கறேன். அதோட வெல என்னன்னு எனக்குத் தெரியும். நாளைக்கும் பெட்டி திறந்துதான இருக்கும்? சொத்தையே கூட்டிட்டு வரேன்."

சத்திரத்தில் சிரித்தார்கள். க்ரேன் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தார். வரப்போகும் சொத்துக்கும் ஒரு கோப்பை ஊற்றச் சொன்னார் என்றும் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை கொல்லனிடம் வண்டியும் இரண்டு குதிரையும் இரவல் வாங்கி, கெஸியா வீட்டைக் காலி செய்தாள். கடிகாரம், இறகு மெத்தை, தறி, இரும்பு அடுப்பு, ராட்டை, கணவனின் கருவிகள், பின்னால் கட்டிய பசு. ஈயத்தட்டுகள் உடையாமல், தப்பு, நசுங்காமல் இருக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. மாவைத் தலையணை உறைகளில் கொட்டிவிட்டு அவற்றைச் சவப்பெட்டிக்குள் அடுக்கினாள். வதந்தியில் இவ்வளவு உண்மை: பெட்டி போனது, உள்ளே இருந்தது தட்டு.

அன்று கேட்டைப் பார்த்துக்கொள்ள டைனா வந்திருந்தாள். வண்டி வந்ததும் கட்டையைத் தூக்கவில்லை.

"நாலு சக்கரம், பாரம் இருக்கு. நாலு சென்ட்டு, அக்கா."

"ஓட்டுப் போடப் போறேன்டி. பலகையப் படி."

"நீ ஓட்டுப் போடப் போற, சரி. கடிகாரத்துக்கும் மெத்தைக்குமா ஓட்டு?"

கெஸியா வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு அதுங்களுக்குத்தான் ஓட்டு. நான் சும்மா ஓட்டிட்டுப் போறேன்."

டைனா யோசித்தாள். கட்டையைத் தூக்கினாள். தூக்கிவிட்டு, கேட் வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் கடனுக்கு நாலு கோடு போட்டாள். ஓட்டு வேறு, சிநேகம் வேறு, சாலை வேறு என்றாள்.

சத்திர வாசலில் ஊரே கூடியிருந்தது. டட்டில் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக விலை சொல்ல, குமாஸ்தா எழுதினார். கடிகாரம் முப்பத்தைந்து. மெத்தை இருபத்திரண்டு. பசுவின் பல்லைப் பார்த்துப் பதினாறு. கணவனின் கருவிகளுக்கு இருபத்தொன்று என்றபோது மட்டும் கெஸியா வேறு பக்கம் பார்த்தாள். கடைசி ஈயத்தட்டு வரை கூட்டியதில் நூற்று முப்பது. மூன்று டாலரும் சொச்சமும் குறைந்தது. க்ரேன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார், வேலை முடிந்தவரைப்போல.

டட்டில் தட்டுகள் இருந்த பெட்டியைத் தட்டிப் பார்த்தார். வால்நட், பித்தளைப் பிடி, நல்ல வேலை. இது யாருடையது என்று கேட்டார்.

"ஆகஸ்ட்டுலேர்ந்து என் வீட்டுல கெடக்கு" என்றாள் கெஸியா. "யாராவது என்னுதுன்னு சொன்னா இப்பவே இறக்கிக் குடுத்துடறேன். முதலாளி, உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா? உங்க மாமா எப்படி இருக்காரு?"

ஊர் முழுக்க க்ரேனைப் பார்த்தது. ஆம் என்றால் மாமா பொய்யாகிவிடுவார். இல்லை என்றால் பாலம் வந்துவிடும். நல்ல வியாபாரிக்கு இதுபோன்ற நேரம் வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும்.

"என்னுது இல்ல" என்றார்.

"ஐந்து டாலர்" என்றார் டட்டில். "மொத்தம் நூற்று முப்பத்தைந்து."

கெஸியா சீட்டை வாக்குப்பெட்டிக்குள் போட்டபோது கூட்டம் எழுப்பிய சத்தத்தில் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வேட்பாளர்கள் இரண்டு பேரின் ஆட்களும் சேர்ந்து பிடித்து வந்தார்கள். அந்த இரண்டு நாளில் இரு கட்சியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது. பாலம் மூன்று ஓட்டில் ஜெயித்தது. அந்த மூன்றில் ஒன்று தன்னுடையது என்று இதுவரை பதினொரு பேர் சொல்லிவிட்டார்கள். கெஸியா சொல்வதில்லை. சவப்பெட்டியை வண்டியில் ஏற்றியது தற்செயலா, திட்டமா என்று கேட்டால் ஆப்பிள் தோல் நீளமாகிக்கொண்டே போகிறது.

இப்போது ஆற்றில் தூண்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. மரமும் கல்லும் ஏற்றிய வண்டிகள் விடியலிலிருந்து கேட்டில் வரிசை கட்டி நிற்கின்றன. டப்பாவைக் கம்பெனி பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறது. க்ரேன் பாலத்துக்குப் பலகை விற்கிறார். கூடவே, பெண்களுக்கு ஓட்டே கூடாது என்று அடுத்த சட்டசபையில் சட்டம் கொண்டுவரப் போவதாகவும் சொல்லித் திரிகிறார். அதை ஒருவர் வந்து சொன்னபோது கெஸியா தோல் சீவுவதை நிறுத்தவில்லை.

"கொண்டுவரட்டும். சட்டசபைக்கு என் கேட்டத் தாண்டித்தான போவாரு? அதுக்கு இலவசம்னு பலகையில இல்லியே."

நாலு கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். ஓட்டுப் போடப் போகிறவருக்குச் சுங்கமில்லை என்று முதல் கடிதம் வந்தது. சரக்குக்கு உண்டு என்று இரண்டாவது. சரக்கே வாக்காளரானால் என்ன செய்வது என்பதை இயக்குநர்கள் கூடிப் பேசுவார்கள் என்று மூன்றாவது. இன்னும் கூடவில்லை. சனிக்கிழமைதோறும் டைனா வெளுத்த துணியோடு கேட்டைக் கடக்கும்போது, "என்னக்கா, குடுக்கறியா, அழிக்கறியா?" என்பாள். கெஸியா கொடுப்பதுமில்லை, அழிப்பதுமில்லை.

பாலத்துத் திறப்பு விழாவுக்கென்று, இத்தனை முன்னதாகவே, போன வாரம் கேட் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். சுவர் முடிந்தது, கதவு வந்தது. மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு வந்த மட்டை, அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. பிறகு மெதுவாக, ஓரத்தில் ஒரு துளி படாமல், நாலு கோட்டையும் சுற்றிக்கொண்டு போயிற்று.