ஆறு பாட்டிலும் ஒரு மஞ்சள் விளக்கும்

என் சைக்கிளில் தண்ணீர் பாட்டில் செருக ஒரே ஒரு கூடுதான் உண்டு. கடைக்காரர் அதையே ஏதோ சீதனம் கொடுப்பதுபோல மாட்டிக் கொடுத்தார். காஞ்சிபுரம் வரை மிதிக்கப் போகிறவளுக்கு ஒரு பாட்டில் எந்த மூலைக்கு? யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, இன்னும் ஐந்து பாட்டில்களைக் கட்ட உட்கார்ந்தேன்.

கட்டுவது எனக்குக் கைவந்த வேலை. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். காருக்குள் ஓடும் நூற்றுக்கணக்கான ஒயர்களைப் பலகையில் பரப்பி, டேப் சுற்றி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி அனுப்புவது எங்கள் லைன். லைனில் எல்லோரும் பெண்கள். சூப்பர்வைசர் மட்டும் ஆண். அது அப்படித்தான். கார் முழுக்கக் கட்டுகிறவளுக்கு ஐந்து பாட்டில் கட்ட வராதா? முன் கம்பியில் இரண்டு, பின் கேரியரின் இரு பக்கமும் ஒவ்வொன்று, ஹேண்டில்பாருக்குக் கீழே ஒன்று. பாட்டிலை உருவவும் செருகவும் வரும் அளவுக்கு டையை இறுக்கி, அதன் வாலைக் கையில் குத்தாதபடி ஒட்ட நறுக்கினேன். எங்கள் குவாலிட்டிக்காரர்கள் வந்து பார்த்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். டை எல்லாம் சுங்குவார்சத்திரத்தில் காசு கொடுத்து வாங்கியது. கம்பெனியிலிருந்து லவட்டி வந்தேன் என்று நினைப்பவர்கள், கேட்டில் எங்கள் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்க்கும் செக்யூரிட்டி அக்காவைப் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். அவர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். சிமெண்டு, செங்கல், வீடு மாறுகிறவர்களின் பீரோ, எது வந்தாலும் ஏற்றுவார்.

"தண்ணி லாரி ஓட்டறதுக்கு லைசென்ஸ் எடுத்துட்டியாம்மே?"

நான் அடுத்த டையை இறுக்கினேன். பதில் சொன்னால் அடுத்த கிண்டல் வரும். சொல்லாமலிருந்தும் வந்தது.

"வாலாஜாபாத் தாண்ட மாட்டே. போன் போடு, வண்டி எடுத்துகினு வந்து ஏத்திக்கிறேன்."

நான் பயந்தது இதற்குத்தான். அவர் வருவார். நல்ல மனுஷன், கட்டாயம் வருவார். என்னையும் சைக்கிளையும் குட்டியானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு தெருவே வாசலில் நிற்கும் நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து இறக்குவார். அப்புறம் என்னை யாரும் தடுக்க வேண்டாம். நான் சைக்கிளைத் தொடும்போதெல்லாம் தெருவே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும். நானே துருப்பிடிக்க விட்டுவிடுவேன். ஆகவே காஞ்சிபுரம் போவதுகூட இரண்டாம் பட்சம். போன் போடாமல் போய், போன் போடாமல் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இந்தச் சைக்கிள் பைத்தியம் எங்களுக்குப் பிடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பார்க்க வேண்டும். வார நாளில் கம்பெனி பஸ்ஸும் கண்டெய்னர் லாரியும் முட்டிக்கொண்டு நிற்கும் அந்த அகலச் சாலையில் அன்று நாய் குறுக்கே படுத்துத் தூங்கும். படப்பை, மணிமங்கலம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினோம். நாங்கள் மூன்று பேர். நான், என் நாத்தனார், எங்கள் லைனிலேயே வேலை செய்யும் தூத்துக்குடிப் பெண். அந்தப் பெண் ஹாஸ்டலில் இருக்கிறாள். சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. நாத்தனாரும் அதே லைன்தான். அவள் கூட வந்தது சைக்கிள் மேல் உள்ள ஆசையினாலா, அண்ணனுக்கு உளவு சொல்லவா என்பது எனக்கு அதுவரை சந்தேகமாகவே இருந்தது.

பங்குனி மாதம். இருட்டு பிரியும்போதே கிளம்பிவிட்டோம். ஒரகடம் கூட்டு ரோட்டில் டீக்கடைக்காரர் என் சைக்கிளைப் பார்த்ததும் பாய்லரை விட்டு வெளியே வந்தார்.

"இன்னாம்மா, வாட்டர் கேன் பிசினசா? நம்ம கடைக்கு ரெண்டு போடேன்."

"அட்வான்ஸ் குடுண்ணா, அப்புறம் போடறேன்" என்று மணி அடித்துவிட்டுப் போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு கம்பெனி வாசல் காவல்காரர் கையைக் காட்டி நிறுத்தி, பாட்டில் என்ன விலை என்று மெய்யாகவே கேட்டார். விற்பனைக்கில்லை என்று சொல்லி ஒரு மடக்கு இலவசமாகக் கொடுத்தேன். ஓரங்கட்டி நின்ற லாரியிலிருந்து வடநாட்டு டிரைவர் ஒருவர் வெறும் பாட்டிலைக் காட்டிச் சைகை செய்தார், அவருக்கும் ஊற்றினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைத்த கட்சிக்காரர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிதித்தேன்.

நாத்தனார் அடிக்கடி திரும்பிப் பார்த்து, "அண்ணி, தண்ணி குடிங்க" என்பாள். "நீ குடி" என்பேன் நான். "நான் குடிச்சிட்டேன்" என்பாள். நானும் பாட்டிலைத் தூக்கி வாயில் வைத்து, உதட்டை நனைத்து, மூடிவிடுவேன். பார்க்கிறவர்களுக்குக் குடித்ததுபோல இருக்கும்.

வாலாஜாபாத் தாண்டியாயிற்று. அங்கேயே குரலெடுத்துக் கத்தியிருக்க வேண்டும், கத்தத் தெம்பில்லை. வெயில் ஏறிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆடுசதை முறுக்கிப் பிடித்தது. எதிரே வந்த ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தபோது, இது சரியில்லை என்று சைக்கிளைப் புளியமர நிழலில் விட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தூத்துக்குடிப் பெண் ஓடி வந்தாள். "யக்கா, என்னக்கா செய்யுது? மூஞ்சியெல்லாம் வெளிறிப் போயிருக்கு." தண்ணீர் கொடுக்க என் பாட்டிலை உருவினாள். மூடியைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். அடுத்ததை உருவினாள். வழியில் தானம் செய்த ஒன்றைத் தவிர எல்லாம் கழுத்து வரை தளும்பிக்கொண்டிருந்தன.

"ஆறு பாட்டிலக் கட்டிக்கிட்டு வந்து தண்ணியில்லாம மயங்குதியளே! எங்கூர்ல சொன்னா நம்புவாவளா?"

நாத்தனார் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "அண்ணி, நான் அண்ணனாண்ட சொல்லி வண்டிய வரச் சொல்றேன்."

மயக்கம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது எனக்கு. "போனை வையி மொதல்ல. உன் பாட்டில எடு பாக்கலாம்."

அவள் எடுக்கவில்லை. தூத்துக்குடிப் பெண்தான் எடுத்தாள். அது மூடி திறக்கப்படாமலே இருந்தது. பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து தூத்துக்குடிப் பெண்ணின் சைக்கிளைப் பார்த்தோம். அவள் பாட்டிலைப் பின்னால் மறைக்கப் பார்த்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், அது நிற்கவில்லை. நாத்தனாருக்கும் தொற்றிக்கொண்டது. சிரிக்கச் சிரிக்க என் ஆடுசதை இன்னும் முறுக்கியது.

ஏன் குடிக்கவில்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. லைனில் நிற்கிறவளுக்கு அது தெரியும். அங்கே ஒவ்வொரு இடத்துக்கு மேலும் ஒரு விளக்கு உண்டு. ஒதுங்கப் போக வேண்டுமென்றால் சுவிட்சை அழுத்த வேண்டும், மஞ்சள் எரியும். நம் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். அவள் வரும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், இன்னாருக்கு அவசரம் என்று லைன் முழுக்கத் தண்டோரா போட்டுக்கொண்டு. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டார். வாட்சைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து காலையில் பஸ் ஏறுவதிலிருந்தே தண்ணீரைத் தொட மாட்டோம். எனக்குக் கல்லடைப்பு வந்து உருண்டு புரண்டபோது டாக்டர், "தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா?" என்று திட்டினார். தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடி அதே பஸ் ஏறினேன். உடம்புக்கு அது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, திறந்த ரோட்டில், தலைக்கு மேல் விளக்கே இல்லாத இடத்திலும் அது பாட்டுக்கு ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தது. நினைத்தபோது சிரிப்பு நின்று, கோபம் வந்தது. நல்ல கோபம்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம அண்ணி" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எவன் கீறான் இங்க, வாட்ச் பாக்க?"

குடித்தோம். கழுத்தில் வழிய வழியக் குடித்தோம். அவள் போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவள் யார் பக்கம் என்ற என் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

குடித்தால் சும்மா விடுமா? காஞ்சிபுரத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் வருவதற்குள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். உள்ளே திருப்பினோம். கழிவறைக் கதவில் பூட்டு.

பங்க்கில் நின்றவர், "சாவி மேனேஜராண்ட கீதும்மா. அவரு வெளிய போய்க்கீறாரு" என்றார்.

டீசல் போட நாலு லாரி நின்றது. இன்னொரு நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியிருப்பேன். அன்று என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அண்ணே, எங்க மூணு பேருக்கும் ஒண்ணுக்கு வருது. பூட்டை ஒடைக்கவா, நீயே தொறக்கிறியா?"

லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வானத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது. மேனேஜரோடு வெளியே போயிருந்த சாவி, ஆயில் டப்பாவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

உள்ளே போய்க் குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்று. "தண்ணி வராதும்மா, மோட்டாரு ரிப்பேரு!" என்று வெளியிலிருந்து குரல், அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. தூத்துக்குடிப் பெண் போய் என் சைக்கிளிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்து கொடுத்தாள். அந்தக் கழிவறைக்கு அன்று நடந்ததுபோல ஒரு அபிஷேகம் அதன் பிறகு நடந்திருக்காது. வெளியே வந்தபோது எனக்குத் துளி வெட்கம் இல்லை. சந்தோஷமாக இருந்தது.

காஞ்சிபுரத்தில் இட்லி சாப்பிட்டு, வெயில் தாழும்வரை நிழலில் கிடந்து, பாட்டில்களை எல்லாம் நிரப்பி, குடித்துக்கொண்டே திரும்பினோம். அதே பங்க்கில் திருப்பினோம். எங்களைக் கண்டதும் அவர் சாவியை நீட்டினார்.

"பக்கெட்ல தண்ணி ரொப்பி வச்சிருக்கேன். சீக்கிரமா போங்க தாயே, லாரிக்காரங்க பயப்படறாங்க."

என் முறைக்காக வாசலில் நின்றபோது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"இன்னாம்மே, எங்க கீற? வெயில் சாஞ்சிடுச்சி. வண்டி எடுத்துகினு வந்துடறேன், எந்த எடம்னு சொல்லு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம்கூட நான் "கொல்லைப்பக்கம்" என்று முனகிவிட்டுத்தான் போவேன்.

"நான் ஒண்ணுக்குப் போக நின்னுகினு கீறேன்" என்றேன். "போயிட்டு, மிதிச்சிகினு வரேன். வழியில மறுபடி வந்தா மறுபடி போவேன். லேட்டாகும்."

அந்தப் பக்கம், அவர் சுவர் ஆணியில் வண்டிச் சாவியைத் திரும்ப மாட்டுகிற சத்தம் கேட்டது.