மாமியின் கோழிக்கூண்டு

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மாமி மாடிப்படி ஏறி வந்தார். அபிராமபுரத்தில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அரசு அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, ஒரே மகனுக்குப் பெங்களூரில் வேலை. தண்ணீர் மோட்டார் பற்றிச் சொல்வதற்குத் தவிர அவர் மாடிக்கு வந்ததே கிடையாது. அன்று கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு கோழிக்குஞ்சுகள். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. சாயத்துக்கு அடியில் நிஜ இறகு வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

"சாந்தோம் பக்கம் ஒருத்தன் கூடையில வச்சுண்டு வித்திண்டிருந்தான். எதுக்கு வாங்கினேன்னு மட்டும் கேக்காதேங்கோ. இந்த ஆத்துல பூண்டுகூட சேர்க்கறதில்லை. பிள்ளைக்கு வரன் வேற பார்த்திண்டிருக்கேன். நீங்கதான் பகல்ல ஆத்துல இருக்கேளே, பின்பக்கம் ஒரு கூண்டு பண்ணித் தர முடியுமா?"

பகலில் வீட்டில் இருப்பவன் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ முகம் சுட்டது. எனக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்று நானும் என் மனைவியும் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அவள் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பிய பிறகு நான் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். படியில் காலடிச் சத்தம் கேட்டால் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வேன். அப்படிப்பட்டவனுக்குக் கூண்டு கட்டுகிற வேலை வந்ததும், சொன்னால் வெட்கம், மனதுக்குள் ஒரு சந்தோஷம்.

நான் அதுவரை சுவரில் ஆணி அடித்ததில்லை. வீடியோக்களைப் பார்த்து, மாமியின் பழைய புத்தக அலமாரியைப் படுக்கப் போட்டு, முன்பக்கம் கோழிவலையை அடித்து, ஒரு கொக்கி வைத்துக் கதவு பொருத்தினேன். ஆணியும் வலையும் வாங்க மயிலாப்பூர் ஹார்டுவேர் கடைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. கடைக்காரர் ஒருநாள், "இன்னா சார், இன்னிக்கும் லீவா?" என்று சிரித்தார். அதன்பிறகு மதியம் அவர் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

குஞ்சுகள் வளர்ந்து சாயம் உதிர்ந்து வெள்ளைக் கோழிகளாயின. "முட்டை போட ஆரம்பிச்சா என்ன பண்றது?" என்பதே மாமியின் பெரிய கவலை. ஒருநாள் காலையில் அவர் கூப்பிட்ட குரலைக் கேட்டு ஓடினேன். வலை கிழிந்து சுருண்டிருந்தது. ஒரு கோழி இல்லை. மாமரத்தடியில் இறகு மட்டும் கிடந்தது. மற்றது மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. ஓட்டின் மேலும் மரத்தின் மேலும் திரிகிற மரநாயின் வேலை. கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் அந்த வலை லாயக்கு. உள்ளே வர நினைக்கும் பல்லுக்கும் நகத்துக்கும் அது நூல்தான் என்று கிழிந்ததைக் கையில் பிடித்தபோது புரிந்தது. மாமி இறகுகளைப் பொறுக்கிப் புதைத்தார்.

இரண்டாவது கூண்டை இருவருமாகக் கட்டினோம். சுண்டுவிரல்கூட நுழையாத கட்டம் போட்ட கெட்டிக் கம்பிவலை. ஆணிக்குப் பதில் வாஷர் வைத்த திருகாணி. பெருச்சாளி தோண்டி வராமல் இருக்க அடித்தளத்துக்கும் வலை. கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். சென்னையில் கோழிக்குக் குளிர்காலம் என்றால் மழைதான். குளிரைவிட ஈரம்தான் அதைக் கொல்லும். அதனால் கூண்டை ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி இடுப்பு உயரத்துக்குத் தூக்கினோம். கூரைத் தகட்டைச் சரிவாகப் போட்டு முன்னால் நீட்டிவிட்டோம். சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய், காற்றோட்டத்துக்குக் கூரைக்குக் கீழே இடைவெளி, அதற்கும் வலை. தரையில் மரத்தூள், ராத்திரி உட்கார ஒரு கட்டை. நான் திருகாணி முடுக்க, மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வலையைப் பிடித்துக்கொள்வார். வேலை வேளையில் எப்படி இறங்கி வருகிறீர்கள் என்று அவர் கேட்டதே இல்லை. அந்த வாரங்களில் நான் இஸ்திரிச் சட்டை போடவில்லை.

ஐப்பசியில் பெண் வீட்டார் வந்தார்கள். கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, நாங்கள் பெட்டை என்று நம்பியிருந்த அந்தக் கோழி முதன்முறையாகக் கூவியது. தொண்டை உடைந்த, அசிங்கமான கூவல். நான் தீவனக் கிண்ணத்தோடு கொல்லைக் கதவருகே நின்றிருந்தேன். வந்தவர்களுக்காகப் பூ வாங்கிக்கொண்டு என் மனைவி அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"என்னது, ஆத்துல கோழியா?" என்றார் பெண்ணின் அம்மா.

மாமியின் முகம் வெளுத்தது. "மாடியில குடியிருக்காளே, அவாளோடது. பாவம், அவருக்கு வேலை போயிடுத்து. பொழுது போகணுமோல்லியோ."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "ஆமாம் சார், என்னோடதுதான்" என்றேன். பெண்ணின் அப்பா பரிவோடு, "எந்த லைன்? ரெஸ்யூமே அனுப்புங்கோ, பார்க்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மனைவி பூவை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் போனபோது, "அப்போ அவங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியும்" என்றாள். தெரிந்திருக்கிறது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடித்த ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்கிறது. அதை நினைத்துத்தான் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு மாமி என் கண்ணில் படுவதையே தவிர்த்தார். கார்த்திகை மழையில் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அன்று, சேவலைப் பார்க்க இறங்கினேன். மாமி எனக்கு முன்பே வந்து, தண்ணீரில் நின்றபடி மரத்தூளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "துளி ஈரமில்லை" என்றார், என்னைப் பார்க்காமல். நான் தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

வரன் முடிவாகி, மார்கழியில் பெண்ணின் அம்மா கல்யாணப் பத்திரிகை விஷயமாக மறுபடி வந்தார். சேவல் கூவியது, இப்போது அதற்கு நல்ல கணீரென்ற குரல். "இன்னும் இருக்கா? கல்யாண ஆத்துல இது வேண்டாம், அவர்கிட்ட சொல்லி யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்கோ" என்று அவர் சொன்னது மாடிவரை கேட்டது. பிறகு மாமி படியடியில் வந்து என்னைக் கூப்பிட்டார். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"கோழி என்னோடது. நான்தான் வாங்கினேன். அன்னிக்குப் பயந்துண்டு இவர் தலையில போட்டேன். பொய்."

புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமே நின்றுவிடும் என்று நான் பயந்தேன். வந்தவரோ என்னைப் பார்த்து, மனம் லேசானவர் போல, "நல்லதாப் போச்சு. அப்போ வேலை போயிடுத்துன்னு சொன்னதும் பொய்தானே?" என்றார்.

மாமி தலைகுனிந்தார். பதில் சொல்ல வேண்டியவன் நான். மனைவியைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை நான் வாய்திறந்து சொன்னதில்லை.

"இல்லைங்க, அது நிஜம்தான்" என்றேன்.

கல்யாணம் தையில் நடந்தது. எனக்கும் அடையாறில் ஒரு வேலை கிடைத்து, வீடும் மாறி, இப்போது வருஷங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள், பழைய வேலைகளைப் பற்றிய பேச்சில், நடுவில் விட்டுப்போன அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் இன்றும் காது மடல் சுடுகிறது. ஆனால் வேலை இல்லாமல் இருந்தேன் என்றே சொல்கிறேன்.