காயம் ஏதுமில்லை

விவாகரத்துக்குப் பிறகு நான் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தேன். எட்டு வயது மகள் தன் அம்மாவோடு கிள்ளானில் இருந்தாள். சனிக்கிழமை காலை அழைத்து வருவேன், ஞாயிறு மாலை கிள்ளான் ரயில் நிலையத்தில் ஒப்படைப்பேன். அரசாங்கத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கையெழுத்தில்லாமல் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த விட்டதில்லை. ஆகவே இதற்கும் ஒரு நோட்டுப் போட்டேன்: நேரம், உடைகள், உடல்நிலை, இருவர் கையெழுத்து.

"பிள்ளைய பார்சல் மாதிரி சைன் போட்டு வாங்கணுமா? நல்ல ஆளுலா நீங்க," என்றாள் அவள் அம்மா. ஆனாலும் போட்டாள்.

ஒரு ஞாயிறு, ரயிலிலேயே வழக்கம்போல் 'காயம் ஏதுமில்லை' என்று எழுதி முடித்துவிட்டேன். நிலையத்தில் அவள் அம்மா அவள் கையைப் பிடித்ததும் குழந்தை அலறினாள். நீளக்கைச் சட்டையை விலக்கினால், மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது.

"எப்பம்மா விழுந்த?" என்றேன்.

"நேத்து, ஊஞ்சல்லேருந்து."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நோட்டுல எழுதுவீங்க. அம்மா படிச்சிட்டு அடுத்த வாரம் அனுப்பமாட்டாங்க."

ஒன்றரை நாள் அந்தக் கையோடு என் எதிரில் சாப்பிட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறாள். நான் அவள் பையிலிருந்த காலுறைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "டாக்சி பிடிங்க," என்றாள். மூவரும் ஒன்றாகவே மருத்துவமனைக்குப் போனோம். எலும்பு முறிந்திருந்தது.

நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறருடைய பொய் அறிக்கைகளை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். நான் எழுதியதிலேயே பெரிய பொய் அதன் கடைசி வரி. எழுதும்போது உண்மையென்றே நம்பினேன்.