தேங்காய் நிமிர்ந்த பத்து நிமிடம்

கல் அரைபடுவதற்கு ஒரு வாசனை இருக்கிறது. போர்வெல் வண்டி பாறையைக் குடையும்போது குழியிலிருந்து வெள்ளைப் புழுதி எழும்பும். நாக்கில் சுண்ணாம்பு ஒட்டும், மூக்கில் தீக்குச்சி கிழித்த நெடி ஏறும். துடியலூரில் எங்கள் தெருவில் கோடைதோறும் யாராவது ஒருவர் அதைக் கிளப்பிவிடுகிறார். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன். சாத்தினாலும் என் தம்பி உள்ளே வந்துவிடுகிறான், கண்ணில் கட்டிய துண்டோடு.

தம்பி பல்லடத்துக்குத் தெற்கே விவசாயம் பார்க்கிறான். அவனுக்கு நீரோட்டம் பார்க்கும் கை என்பது ஊர்ப் பேச்சு. குடுமியுள்ள தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பான். ஓரிடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிமிரும். அங்கே குச்சி நட்டுவிட்டு வண்டிக்குச் சொல்வார்கள். தண்ணீர் வந்த கிணறுகள் எல்லாம் அவன் பெயரைச் சொல்லின. வராதவை வாய் திறக்கவில்லை. ஊரில் அவனுக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு கையில்தான் இருந்தது.

எனக்கு இருந்தது பத்து நிமிடம். இரும்புக்கடை பாய் ஒருவரின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பேச்சுக் கூட்டம் நடத்துகிறோம். கரிசல் மண் ஏன் வெடிக்கிறது, கோவைக்கு மோட்டார் பம்ப் தொழில் எப்படி வந்தது, எந்தத் தெரு எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்று யார் சொன்னது, கைபேசி நம்மைப் பற்றி என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறது. எதுவானாலும் பத்து நிமிடம். கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருளாவது கொண்டுவர வேண்டும். நேரம் முடிந்தால் பாய் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் உட்கார வேண்டும். விதி போட்டவன் நான். எத்தனையோ பேரை அப்படி உட்காரவைத்து உள்ளூர ரசித்திருக்கிறேன்.

நாற்பது பேர் வருவார்கள். நல்லவர்கள். எதைச் சொன்னாலும் "அருமைங்க" என்பார்கள். அந்த அருமைங்கவை நான் வெறுத்தேன். பூமி தட்டை என்று சொல்லியிருந்தாலும் எனக்கு அதுதான் கிடைத்திருக்கும். என் குடும்பத்திலோ அதுவும் இல்லை. விசேஷ வீடுகளில் நான் வாயைத் திறந்தால் ஆளுக்கொரு வேலை முளைக்கும். தம்பி கையில் தேங்காயை எடுத்தால் மாடுகூட அசைபோடுவதை நிறுத்தும்.

ஆகவே கூப்பிட்டேன். இந்த வாரம் உன் கையைப் பற்றித்தான் பேச்சு, நீயே வந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று போனில் சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அதன் அசிங்கம்.

கஞ்சி போட்ட வேட்டியில் வந்தான். அவன் மனைவி பட்டுடுத்தி வந்திருந்தாள். அவனே தேர்ந்தெடுத்த தேங்காய் மஞ்சப்பையில் இருந்தது. மாடிப்படியில் அவள் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்: "பொன்னாடை போடுவாங்களா மாமா?" நான் சிரித்தேன். மேலே ஏறினேன்.

கடைக்குப் பின்னால் காலி மனை ஒன்று உண்டு. எல்லோரையும் அங்கே இறக்கினேன். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். ஆமணக்குச் செடி அருகே தேங்காய் எழுந்தது. கோலப்பொடி தூவி அடையாளம் வைத்தேன். மறுபடி நடந்தான், அதே இடம். கைதட்டினார்கள். ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு நட என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னத்துக்குங்ணா?"

"பேச்சுக்கு வேணும்டா."

தோளில் கிடந்த துண்டை அவனே எடுத்துக் கொடுத்தான். உறியடிக்கு விடுவதுபோல இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். சிரிப்பு கிளம்பியது. தேங்காய் இம்முறை மணல் குவியலின் பக்கம் எழுந்தது. இன்னொரு முறை, சுவரோரம். இன்னொரு முறை, அவன் முதலில் கிளம்பிய இடத்திலேயே. துண்டை அவிழ்த்தவன் மண்ணில் சிதறிக் கிடந்த வெள்ளை வட்டங்களைப் பார்த்தான். எண்ணிப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன், உதடு அசைந்தது.

"இத்தன இடத்துல தண்ணின்னா பவானியே இதுக்கடியிலதானுங்க ஓடணும்" என்றார் ஒருவர். கூட்டம் குலுங்கியது. அந்தச் சிரிப்பு என்னுடையது, நான் சம்பாதித்தது என்று நின்றிருந்தேன். டம்ளர் சத்தம் கேட்டது.

என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. அதில் கடைசியாக நான்கு வரி எழுதியிருந்தேன். தேங்காயை ஏந்துகிறவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இங்கேதான் என்று மனம் நினைத்த கணத்தில் கைச் சதை அவருக்கே தெரியாமல் மயிரிழை அசைகிறது. உருண்டைப் பொருளுக்கு அந்த அசைவு போதும். அவரும் நம்மைப் போலவே வியந்துதான் அதைப் பார்க்கிறார். இவ்வளவுதான், படிக்க அரை நிமிடம் ஆகாது. பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை உயர்த்தியிருந்தால் விட்டிருப்பார். சிரிப்பும் கைதட்டலும் இன்னும் ஓயவில்லை. தாளை மடித்தேன்.

நாற்காலிகளை அடுக்கும்போது பாய் கேட்டார்: "கூடப் பொறந்தவர வச்சா பண்ணுவீங்க?"

அறிவியலுக்கு ஏதுங்க கூடப்பிறந்தவன் என்றேன். அப்போது அது நல்ல வாக்கியமாகத் தெரிந்தது.

யாரோ கைபேசியில் எடுத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அது பல்லடம் போய்ச் சேர்ந்துவிட்டது, மேலே "தேங்காய் மோசடி" என்ற தலைப்போடு. அந்த வாரம் தம்பியை வரச்சொல்லியிருந்த இரண்டு தோட்டத்துக்காரர்களும் பொறவு பார்த்துக்கலாமுங்க என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் ஊரில் கதவை அடைக்கும்போதும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அடைப்பார்கள்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. கத்தித்தான் பேச வேண்டும். தம்பி மனைவி டீயைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். மாமா என்ற சொல் அவள் வாயிலிருந்து போயிருந்தது. தம்பி தாடையால் பக்கத்துத் தோட்டத்தைக் காட்டினான். அங்கே ஒருவர் இரண்டு செம்புக் கம்பிகளை நீட்டிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"உங்க பேச்சக் கேட்டுத்தானுங்ணா. தேங்காய நம்பக்கூடாதுன்னு சொல்லிப்போட்டீங்களாம். கம்பியப் பத்தி ஒண்ணும் சொல்லலியாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"நான் ஏமாத்துனனாங்ணா?"

இல்லை என்றேன். அந்த நான்கு வரியையும் சொன்னேன், தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி. கை அசைவது அவனுக்கே தெரியாது என்றேன். முழுதாகக் கேட்டான். என் வாழ்நாளில் என் வீட்டார் ஒருவர் என்னை முழுதாகக் கேட்டது அன்றுதான்.

"இத அங்க சொன்னீங்களா?"

"நேரம் முடிஞ்சிருச்சு."

"அதுக்கு முன்ன ஊட்ல சொல்லியிருக்கலாம். எங்கிட்ட மட்டும்."

"ஊட்ல நான் பேசி எவன்டா கேட்டீங்க?"

சொன்ன பிறகுதான் தெரிந்தது, மூன்று வாரம் கழித்து நான் சொல்ல வந்திருந்தது இதை மட்டும்தான் என்று. தம்பி கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். அடுத்த ஞாயிறு முதல் வேலையாக அந்த நான்கு வரியைப் படிக்கிறேன், அதையும் கைபேசியில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பச் சொல்கிறேன் என்றேன். சிரிச்சவங்க அதுக்குத் திரும்பி வருவாங்களாங்ணா என்று கேட்டான். டீ ஆடை கட்டிக் கிடந்தது. எழுந்தேன்.

வண்டியை உதைத்துக் கிளப்பும்போது படல்வரை வந்தான். அன்று பட்டுடுத்தி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மரியாதைக்குக் குறைவில்லாமல் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு, தறிச் சத்தம் ஒரு கணம் நின்ற இடைவெளியில், கத்தாமலே கேட்டான்:

"அடுத்த வாரம் யாரு கண்ணக் கட்டறீங்ணா?"