பெர்மிஷன் அக்கா

“கையத் தொடட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டு நிற்கிறார். கேட்டால் போதாதா? போதாது. பதில் வரும்வரை ஈரத்துணியும் கையுமாக அப்படியே நிற்பார். கட்டிலில் இருப்பவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டால், “சரிம்மா, அப்புறமா வரேன்” என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். முதியோர் இல்லத்தின் பெண்கள் பகுதியில் பராமரிப்பு வேலை பார்க்கும் இவருக்குப் பெர்மிஷன் அக்கா என்று பெயர். நழுவிய போர்வையை இழுத்துவிடக்கூட அனுமதி கேட்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

சாது என்று நினைத்துவிடாதீர்கள். வாய் ஓயாது. கதவை அறைந்துதான் சாத்துவார். வேலைக்கு நேரத்தோடு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. “உன்னால எங்க வேலையும் இழுக்குது” என்று கூட இருப்பவர்கள் கடிந்தால், “கேக்காம உன் மூஞ்சியத் தொடச்சா சும்மா இருப்பியா? இரு, காட்டறேன்” என்று துணியோடு துரத்துவார். என் சித்தி படுத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே நான் வாரம் தவறாமல் போகிறேன்.

சித்திக்கு அடுத்த கட்டில் டெலிபோன் அம்மாவுடையது. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்புவரை முடி. இங்கே வந்ததிலிருந்து யாரையும் தலையில் கைவைக்க விடவில்லை. முடி சிக்குப் பிடித்துக் கயிறாய்த் திரண்டு, அடியில் தோல் புண்ணாகத் தொடங்கிவிட்டது. போன வாரம் நான் அங்கே இருக்கும்போதே மேற்பார்வையாளர் வந்து கறாராகச் சொன்னார்.

“இனிமே பொறுக்க முடியாது. டாக்டரும் சொல்லிட்டார். சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஒட்ட வெட்டிடுங்க. ரெண்டு பேர் கையப் பிடிச்சுக்குங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். சக்கர நாற்காலியில் இருந்த டெலிபோன் அம்மா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

“கொஞ்சம் இருங்க மேடம், நான் கேட்டுப் பாக்கறேன்.” அக்கா சீப்போடு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். “அம்மா, சீவட்டுமா?”

“வேண்டாம்!”

மறுபடி கேட்டார். மறுபடியும் வேண்டாம். கத்தரிக்கோல் மேசைக்கு வந்துவிட்டது.

“தினமும் கேட்டுத்தானே செய்றேன்? ஏம்மா என்னை நம்ப மாட்டேங்கறீங்க?”

டெலிபோன் அம்மா வெடுக்கென்று சொன்னார்: “முதுகுக்குப் பின்னாடி நின்னு கேக்கறே. உன் கையில சீப்பு இருக்கா, கத்திரி இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட மக்கு! இது எனக்குத் தோணவே இல்லையே!” ஓடி முன்னால் வந்து, தன் கொண்டையை அவிழ்த்துவிட்டு, சீப்பை அவர் மடியில் வைத்தார். “முதல்ல நீங்க எனக்குச் சீவுங்க. வலிச்சா கத்துவேன். நிறுத்தணும், சரியா?” தரையில் சம்மணம் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

டெலிபோன் அம்மா சீப்பைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஒரே இழுப்பு.

“ஐயோ!”

கை சட்டென்று நின்றது. அறை முழுவதும் கொல்லென்று சிரித்தது. “வேரைப் பிடிச்சுக்கிட்டு நுனியில இருந்து சீவு!” என்று சித்தி எழுந்து உட்கார்ந்தே கத்தினார். நானும் வெட்கத்தை விட்டுக் கைதட்டினேன். “அப்படித்தான்மா, இப்ப வலிக்கல!” என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மேற்பார்வையாளர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னும் எவ்வளவு நேரம் பொறுப்பாரோ!

டெலிபோன் அம்மா சீவுவதை நிறுத்தினார். நாற்காலியின் பிரேக்கைத் தானே தட்டிவிட்டு, சக்கரத்தை மெல்ல உருட்டித் திரும்பி, அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சீப்பைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினார்.