மூணேகால் முழம்

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மே மாத விடுமுறை என்றால் கடலும் இல்லை, மலையும் இல்லை. பசுவந்தனைப் பக்கம் இருக்கும் பெரியப்பாவின் பருத்திக் காட்டில் வெடிப்பு அளப்பதுதான் விளையாட்டு. இதைச் சென்னையில் என்னோடு படித்தவர்களிடம் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். கரிசல் மண் வெயிலில் காய்ந்து பிளப்பதை அவர்கள் எங்கே கண்டார்கள்? பருத்தி எடுத்து முடித்ததும் விரல் நுழைகிற அளவுக்கு ஆரம்பிக்கும். சித்திரை முடிவதற்குள் முழுக்கையும் நுழையும். அந்த வெடிப்புக்குள் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச்செடிக் குச்சியை, விட்டு, எவ்வளவு உள்ளே போகிறது என்று முழம் போட்டுப் பார்க்க வேண்டும். யார் கண்டுபிடித்த வெடிப்பு ஆழமோ அவருக்கு முதல் போளி. அவ்வளவுதான் பரிசு. அந்த ஒரு போளிக்காக நானும் சித்தப்பா மகனும் போட்ட சண்டையைச் சொத்துத் தகராறில்கூட யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

நாங்கள் சென்னை, சித்தப்பா வீடு கோயம்புத்தூர், பெரியப்பா வீடு கோவில்பட்டி. மே பிறந்தால் எல்லாரும் கோவில்பட்டியில் கூடிவிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டியானை வண்டியில் பாத்திரம், விறகு, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ஏற்றி, அவற்றின் மேலேயே நாங்களும் ஏறி உட்கார்ந்து, காட்டில் இருக்கிற எங்கள் சாமிக்குப் பொங்கல் வைக்கப் போவோம். பசுவந்தனைக்கு நேர் ரோடு இருக்கிறது. ஆனால் சித்தப்பா முன்னால் உட்கார்ந்தால் வண்டி கடம்பூர் சுற்றித்தான் போகும். போளி வாங்காமல் சாமி கும்பிட்டால் அவருக்குச் சாமி கும்பிட்ட மாதிரி இருக்காது.

சித்தப்பாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தக் கதை நடந்ததற்கு முந்தின தீபாவளிக்கு, நல்ல மழை பெய்த மறுநாள், புது ஷூவோடு காட்டுக்குள் இறங்கினார். யார் சொல்லியும் கேட்கவில்லை. பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு சட்டி மண் அப்பிக்கொண்டது. பதினோராவது எட்டில் கால் மட்டும் வந்தது, ஷூ வரவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்ததில் மேல்பாகம் கையோடு வந்தது, அடிப்பாகம் மண்ணோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் எதற்கு யோசனை சொல்ல வாயைத் திறந்தாலும், ஷூ சௌக்கியமா என்று நாங்கள் கேட்டுவிடுவோம். மனிதர் வாயை மூடிக்கொள்வார்.

நான் சொல்லப் போகிற வருடம் பிளஸ் டூ முடித்திருந்தேன். பெரியப்பா மகள், எங்கள் எல்லாருக்கும் மூத்த அக்கா, கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அருப்புக்கோட்டைக்காரர் ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருடமாகச் சொல்லி, அழுது, சாப்பிடாமல் கிடந்து, பெரியப்பாவைக் கொஞ்சம் இறங்கி வர வைத்திருந்தாள். கொஞ்சம்தான்.

"பையனோட அப்பா என்னைக் கூப்பிட்டுப் பேசட்டும். நானா அவியளக் கூப்பிட மாட்டேன். ஞாயித்துக்கெழம ராகு காலத்துக்குள்ள போன் வரலன்னா, நான் பாத்து வச்சிருக்க மாப்பிள்ளைக்கு நீ சரின்னு சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். அக்காவும் தலையை ஆட்டிவிட்டாள். வேறு வழி?

அந்தப் பக்கமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பையனின் அப்பா ஒருமுறை கூப்பிட்டு எடுக்காவிட்டால் அந்த ஆளை மறுபடி கூப்பிடுகிற வழக்கமே கிடையாதாம். இரண்டு வீம்புக்காரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அக்கா, பெரியப்பாவின் பட்டன் போனை நம்பி இருந்தாள். காலையில் அவளே அதற்குச் சார்ஜ் போட்டாள். வண்டியில் போகும்போது நான்கு தடவை அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். காட்டில் சிக்னல் எங்கே நன்றாக எடுக்கிறதோ, அந்த வேப்பமரத்தடியில்தான் பாயை விரித்தாள்.

பொங்கல் வைத்து, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா சட்டையைக் கழற்றிக் கிளையில் தொங்கவிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். மணி மூன்று இருக்கும். ராகு காலம் நாலரைக்குத் தொடங்கும். அக்கா ஓடைப்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி, அதாவது சித்தப்பா மகன், அதற்குள் சரியாக மூன்று முழத்தில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டு என் எதிரில் ஆடிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரப்போரத்தில் நானும் ஒன்று பார்த்தேன். பருத்திமார் இரண்டரை முழத்தில் முட்டிக்கொண்டது. கட்டி ஏதோ தட்டுகிறது, அதற்குக் கீழேயும் பள்ளம் இருக்கிறது என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. வெளிச்சம் அடித்துக் காட்டினால் வாயை மூடுவான். வண்டியில் பாட்டுப் போட்டே என் போன் செத்திருந்தது. பெரியப்பா போனின் தலையில் இருக்கிற டார்ச்சோ, பெரிய பேட்டரி லைட்டே தோற்றுப்போகும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? பார்த்த உடனே திரும்ப வைத்துவிடலாம் என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். மண்ணில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு டார்ச்சை அடித்தேன். கை வேர்த்திருந்தது. போன் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தம்பிதான் முழங்கையை இடித்தான் என்று நான் இன்றுவரை சொல்கிறேன். அவன் இல்லை என்கிறான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டார்ச் வெளிச்சம் அவ்வளவு கீழே தெரிந்தது. பார்த்தியா, நான்தான் ஜெயித்தேன் என்று அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். அப்போதுதான் பூமிக்குள் இருந்து போன் அடித்தது.

அந்த மாதிரிப் போனுக்கெல்லாம் சத்தம் அதிகம். ஓடைப்பக்கம் இருந்த அக்காவுக்கே கேட்டுவிட்டது. கையில் சாம்பலோடு ஓடி வந்தாள். எங்களைப் பார்த்தாள், வெடிப்பைப் பார்த்தாள். போன் முழுசாக அடித்து ஓய்ந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்படியே வரப்பில் உட்கார்ந்து, அவள் போனிலிருந்து அந்த அருப்புக்கோட்டைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஷிப்டுக்குள் போனால் போனை வாசலில் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அவருடைய அப்பாவின் நம்பர் அவளிடம் இல்லை. அது இருந்த ஒரே இடம் மூன்று முழத்துக்குக் கீழே கிடந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் தம்பி பார்ப்பான் என்று அடக்கிக்கொண்டேன். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

பெரியப்பா எழுந்து வந்தபோது நான் எதையும் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வெடிப்பின் ஓரம் குந்தி உட்கார்ந்து, உள்ளே தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து, அறுத்த காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தொரட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். போன் சரியாக எங்கே கிடக்கிறது என்று பார்க்கச் சித்தப்பா தன் போனிலிருந்து கூப்பிட, மண்ணுக்குள் மணி அடித்தது. ஆடுகள் மிரண்டு விலகின. அந்த அம்மா அசையவில்லை.

"போன வருசம் எங்க கெடாயோட மணிய இந்த மண்ணு முழுங்குச்சு. இப்ப போனும் திங்க ஆரம்பிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டு, மண்வெட்டியைப் போடக் கூடாது என்று தடுத்துவிட்டார். ஒரு வெட்டு வெட்டினால் கட்டி பெயர்ந்து உள்ளே விழும், பிறகு போனை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். மேற்கே கையைக் காட்டினார். கழுகுமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. பொழிந்தால் தண்ணீர் முழுக்க வெடிப்புக்குள்தான் இறங்கும்.

தொரட்டி ஆட்டுக்குத் தழை இழுக்கிற நீளக் கம்பு, நுனியில் வளைந்த அரிவாள் கட்டியிருக்கும். அதை விட்டுத் துழாவினோம். அரிவாள் போனைத் தட்டியது, தூக்கவில்லை. இரண்டு விறகை இடுக்கி மாதிரி கட்டினோம், அது நடுவிலேயே நின்றுகொண்டது. மணி நாலு ஆகிவிட்டது. அக்கா வரப்பிலிருந்து எழுந்திருக்கவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

"கேலி பண்ணுததுன்னா பொறவு பண்ணுங்க. என் ஷூவ விடாத மண்ணு, இந்தப் போன விட்டுருமா?"

ஒருத்தருக்கும் கேலி வரவில்லை. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சித்தப்பா சப்பணம் போட்டு உட்கார்ந்து, அதே கரிசல் மண்ணைப் போளிக்கு மாவு பிசைகிற மாதிரி பிசைந்தார். தொரட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அரிவாள் இல்லாத முனையில் ஒரு உருண்டை அப்பி இறக்கினோம். முதல் தடவை தண்ணீர் கூடிப்போய் மண்தான் வழுக்கியது. இரண்டாம் தடவை அந்த அம்மாவே பதம் பார்த்துக் கொடுத்தார். கம்பை அழுத்திப் பிடித்து நூறு வரை எண்ணிவிட்டு மெல்லத் தூக்கினோம். வெளிச்சம் ஆடிக்கொண்டே மேலே வந்தது. பாதி தூரம் வந்திருக்கும். போன் அடித்தது.

அடித்த அதிர்வில் பிடி விட்டு மறுபடி கீழே விழுந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு, இப்ப எதுக்குச் சித்தப்பா கூப்பிட்டீங்க என்று கத்திவிட்டேன். சித்தப்பா மண் அப்பிய இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவர் போன் பாயில் கிடந்தது.

அவர் கூப்பிடவில்லை. எங்களில் யாருமே கூப்பிடவில்லை. அதைக் கேட்டு அக்கா எழுந்து நின்றுவிட்டாள். மறுபடி கூப்பிடுகிற வழக்கமே இல்லாத மனிதர் இரண்டாவது தடவை கூப்பிடுகிறார். நாங்கள் ஏழு பேர் சுற்றி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவராலும் எடுக்க முடியவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. பெரியப்பா முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் என் கையிலிருந்து தொரட்டியை வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது உருண்டையை அவரே இறக்கினார். அவரே அழுத்திப் பிடித்தார். என் முதுகில் முதல் தூறல் விழுந்தது. இந்தத் தடவை யாரும் எண்ணவில்லை. அவர் மெல்லத் தூக்கினார். கறுப்பு உருண்டையாகப் போன் வெளியே வந்தது. டார்ச் எரிந்துகொண்டே இருந்தது.

வேட்டியில் துடைத்தார். பட்டன்களுக்கு நடுவில் இருந்த மண்ணை நகத்தால் எடுத்தார். கண்ணுக்கு நேராகத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவ கூப்பிட்டிருக்காவ" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

சித்தப்பா மணியைப் பார்த்தார். நாலரை தாண்டிவிட்டது, ராகு காலம் வந்துவிட்டது, நாளைக்குக் காலையில் பேசிக்கொள்ளலாம், கோயிலில் சிக்னல் இல்லை என்று சொல்லிவிடலாம், வெடிப்புக்குள் விழுந்தது என்று சொன்னால் எவன் நம்புவான் என்று அடுக்கினார். பெரியப்பா காதில் எதுவும் விழவில்லை. இரண்டு வருடம் வீட்டையே ஆட்டிவைத்து, நானாகக் கூப்பிட மாட்டேன் என்று நின்ற மனிதர், தூறலில் நின்றுகொண்டு பட்டனை அமுக்கினார்.

"அண்ணாச்சி, நான் கோவில்பட்டியிலேருந்து பேசுதேன். வேணும்னு எடுக்காம இல்ல. போனு காட்டுல வெடிப்புக்குள்ள விழுந்திட்டு. இப்பதான் எடுத்தோம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அக்கா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை, வைத்துவிடப் போகிறார், எல்லாம் என்னால்தான் என்று நான் சாமி இருக்கிற பக்கம் திரும்பிவிட்டேன். ஆனால் அருப்புக்கோட்டையும் கரிசல்தானே. அந்த மனிதரும் சின்ன வயதில் குப்புறப் படுத்து வெடிப்புக்குள் கையை விட்டவராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் போனில் எதிராளி பேசுவது பக்கத்துக் காட்டுக்கும் கேட்கும்.

"எத்தன முழம் இருக்கும்?" என்று கேட்டார்.

பெரியப்பா திரும்பினார். நடந்ததைச் சொன்ன நேரத்திலிருந்து அப்போதுதான் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, எத்தன முழம்?"

"மூணேகால் பெரியப்பா."

அவர் போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"மூணேகால் முழம், சம்பந்தி" என்றார்.

சம்பந்தி என்ற சொல் வாயில் வந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ, நாங்கள் எல்லாரும் கவனித்தோம். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள். பெரியப்பா மழையில் நனைந்துகொண்டே பேசினார். இந்த வருடம் பருத்தி எப்படி, உங்கள் பக்கம் மழை உண்டா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் பாத்திரங்களை வண்டியில் ஏற்றினோம். ஆடு மேய்த்த அம்மாவுக்குச் சித்தப்பா ஆறு போளி உள்ள ஒரு பொட்டலத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார்.

இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. தொரட்டிக் கம்பில் மண் ஏறியிருந்தது சரியாக மூன்று முழம்தான், தம்பி கண்டுபிடித்த வெடிப்பின் அதே ஆழம். அந்தக் கால் முழம் என் வாயில் தானாக வந்தது. தம்பிக்கும் அது தெரியும். வண்டி கிளம்பியதும் அவன் கையை நீட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நனைந்த பொட்டலத்தைப் பிரித்து, முதல் போளியை எடுத்து, சாம்பல் வாசம் போகாத அந்தக் கையாலேயே என் வாயில் திணித்தாள்.